‘கன்னா ஹெய் கோ ஹெய்ஸ்து’ நாடகத்தில் இறந்தவர்கள் எப்படிப் பேசுகிறார்கள்?

தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஆடம் ஸ்மால், அந்நாட்டு மொழிகளில் ஒன்றான ஆஃப்ரிகான்ஸில் 1965-ல் வெளியிட்ட இந்த நாடகம் (தலைப்பின் பொருள்: ‘கன்னா வீடு திரும்புகிறான்’) நினைவுகளின் ஓட்டத்தில் நகர்கிறது. அதனால்தான் செத்தவர்களும் உயிரோடிருப்பவர்களும் ஒரே மேடையில் பேசுகிறார்கள்.

கதை இதுதான். நிறவெறிக் காலக் கேப் டவுனில் வாழும் ஏழைக் கலப்பினக் குடும்பம். சக்கர நாற்காலியில் இருக்கும் தாய் மக்கீத், வளர்ப்பு மகன் கன்னாவைப் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்புகிறாள். அவன் தலையெடுத்தால் எல்லோருக்கும் விடியும் என்று குடும்பமே காத்திருக்கிறது. இங்கே வீட்டில் மக்கீத்தின் மகள் கீத்தி பாலியல் வன்முறைக்கு ஆளாகிச் சீரழிகிறாள். மகன் டீக்கி கொலை செய்து தூக்குமேடை ஏறுகிறான். கன்னா வருவதோ மக்கீத்தின் சாவுக்குத்தான்.

என்னைக் கேட்டால், நாடகத்தின் உயிரே இந்த வடிவம்தான். காலவரிசையில் சொல்லியிருந்தால் வெறும் சோகக்கதை. இங்கே கன்னா, தான் இல்லாதபோது நடந்ததையெல்லாம் சம்பந்தப்பட்டவர்கள் வாயாலேயே கேட்டாக வேண்டும்.