சுற்றாடல் கொள்கை ஆலோசகர் ஆவதற்கு எந்த வாசலால் போவது?

நோர்வூட் பக்கத் தோட்டமொன்றிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், புவியியல் சிறப்புக் கற்கையின் இறுதியாண்டில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அரசாங்கத்தில் சுற்றாடல் கொள்கை ஆலோசகராக வேலை செய்ய ஆசை. அதற்கு என்ன பரீட்சை எழுத வேண்டும்? தமிழ் மொழிமூலம் படித்த எனக்கு அங்கே இடம் இருக்கிறதா? இப்போதே என்ன செய்யத் தொடங்கலாம்?"

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுவோம். 'சுற்றாடல் கொள்கை ஆலோசகர்' என்ற பெயரில் புதிய பட்டதாரிகளிடம் வர்த்தமானியில் விண்ணப்பம் கோரமாட்டார்கள். அமைச்சர்கள் தங்களுக்கென்று நியமிக்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் அது ஒப்பந்த வேலை, அமைச்சர் மாறினால் அவர்களும் போய்விடுவார்கள். கொள்கையை வரைந்து, திருத்தி, மற்ற அமைச்சுகளோடு வாதாடி, வர்த்தமானி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் நிரந்தர சேவையில் உள்ள உத்தியோகத்தர்களே. அவர்களுடைய பதவிப் பெயர் உதவிப் பணிப்பாளர், சுற்றாடல் அலுவலர், மேலதிகச் செயலாளர் என்று வெவ்வேறாக இருக்கும். நீங்கள் தேட வேண்டியது அந்த இருக்கைகளைத்தான்.

அதற்கு வாசல்கள் சில உண்டு. இலங்கை நிர்வாக சேவையும் இலங்கை திட்டமிடல் சேவையும் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் ஆட்சேர்க்கின்றன. நிர்வாக சேவைக்குப் போட்டி மிகக் கடுமை, தேர்வானபின் உங்களை எந்த அமைச்சுக்கும் எந்தப் பிரதேச செயலகத்துக்கும் அனுப்பலாம். சுற்றாடல் அமைச்சுக்குப் போகப் பல வருடங்கள் ஆகலாம், போகாமலே ஓய்வுபெறவும் கூடும். திட்டமிடல் சேவையில் உள்ளவர்கள் அமைச்சுகளின் திட்டமிடல் பிரிவுகளிலும் மாவட்ட, பிரதேச செயலகங்களிலும் இருப்பார்கள். கருத்திட்ட முன்மொழிவு, செலவு மதிப்பீடு, முன்னேற்ற அறிக்கை எல்லாம் அவர்கள் கையால் போகும். கொள்கை வேலையின் இலக்கணத்தைக் கற்க இது நல்ல இடம். மூன்றாவது, இலங்கை விஞ்ஞான சேவை. அதற்குக் குறித்த பாடத்தில் பட்டம் கேட்பார்கள், கலைப்பீடப் புவியியல் பட்டம் பல இடங்களில் செல்லாது. விளம்பரத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

நான்காவது மத்திய சுற்றாடல் அதிகாரசபை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1981 இல் உருவானது. தலைமையகம் பத்தரமுல்லையில், அலுவலர்கள் மாகாண, மாவட்ட அலுவலகங்களிலும் பிரதேச செயலகங்களிலும் இருக்கிறார்கள். இது நியதிச்சட்ட நிறுவனம் என்பதால் தானே பத்திரிகையில் விளம்பரம் செய்து ஆட்சேர்க்கும். இங்கே சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே உரிமம், முறைப்பாடு, களப்பரிசோதனை என்று துறைக்குள்ளேயே இருப்பீர்கள். உங்கள் நிலைமைக்கு எங்கள் அபிப்பிராயம்: திட்டமிடல் சேவைக்கும் அதிகாரசபைக்கும் குறி வையுங்கள், நிர்வாக சேவைப் பரீட்சையையும் எழுதுங்கள். நுண்ணறிவு, கிரகித்தல் போன்றவை பொதுவாக எல்லாப் பரீட்சையிலும் வருவதால் ஒரே தயாரிப்பு எல்லாவற்றுக்கும் உதவும்.

ஆலோசனை என்றதும் பலர் மனதில் மேடைப் பேச்சும் மாநாடும்தான் வருகின்றன. உண்மையில் அது தாள் வேலை. ஒரு யோசனை அமைச்சரவைப் பத்திரமாகும், சம்பந்தப்பட்ட அமைச்சுகளிடம் அவதானிப்புகள் கேட்கப்படும், நிதி அமைச்சு 'காசு எங்கே' என்று கேட்கும். சட்டம் தேவையென்றால் சட்டவரைஞர் திணைக்களம், சட்டமா அதிபர், வர்த்தமானி, பாராளுமன்றம் என்று நீளும். இந்தப் பாதையில் விழுந்துபோகும் யோசனைகளில் அநேகமானவை கெட்ட யோசனைகள் அல்ல. யார் செய்வது, எந்தச் செலவினத் தலைப்பில் செய்வது, எந்தச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது என்ற கேள்விகளுக்கு அவற்றில் பதில் இருக்காது.

கணக்குப் போடாத கொள்கை என்ன செய்யும் என்பதை மலையகத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது, அதே வருடம் நவம்பரில் தடை நீங்கியது. 2021 இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் 250 மில்லியன் கிலோ அளவுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் பேர் (சம்பளத்துக்குப் பதியும் வேலை நாள்) குறையும், பேர் குறைந்தால் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) அடுப்பு என்னாகும் என்பது உங்களுக்குத் தெரியும். இனி ஓர் ஆலோசகர் அன்று மேசையில் வைத்திருக்க வேண்டிய கணக்கைப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 23 கிலோ நைதரசன் இருக்கிறது. சேதனப் பசளையில் நைதரசன் பொதுவாக 1 முதல் 2 சதவீதம். 1.5 சதவீதம் என்று வைத்தாலும் அந்த 23 கிலோவுக்கு 1,500 கிலோவுக்கு மேல் வேண்டும். ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறும் இடத்தில் ஒன்றரைத் தொன்னை ஏற்ற வேண்டும், அதுவும் ஒவ்வொரு மூட்டைக்கும். அவ்வளவு சேதனப் பசளை நாட்டில் எங்கே தயாராகிறது, லொறி எத்தனை, ஆள் எத்தனை? இந்த நான்கு வரிக்கு ஆராய்ச்சி நிலையம் தேவையில்லை. மண்ணைக் காப்பாற்ற நினைப்பது சரி. ஆனால் எவ்வளவு காலத்தில், எந்தப் பயிரில் தொடங்கி, எந்த அளவில் என்பதைச் சொல்லாத இடத்தில் நல்ல நோக்கமே ஏழையின் தலையில் விழுகிறது.

இதேபோலத் தோட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, அதைப் புரிந்த ஆலோசகர்கள் கொழும்பில் மிகக் குறைவு. ஒரு லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேடு ஆபத்தானது என்று வைத்துக்கொள்ளுங்கள். காணி பெரும்பாலும் அரசுடையது. அது கம்பனியிடம் குத்தகையில் இருக்கிறது. குடியிருப்பவரிடம் உறுதிப் பத்திரம் இல்லை. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் செலவிடப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தடையாக இருந்தது, அது 2018 இல்தான் திருத்தப்பட்டது. அபாய வலய வரைபடம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது. குடும்ப விபரம் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு மாதிரியும் தோட்டத்துரையின் அலுவலகத்தில் இன்னொரு மாதிரியும் இருக்கும், ஏனென்றால் கிராம சேவையாளர் பிரிவின் எல்லையும் தோட்டப் பிரிவின் எல்லையும் பல இடங்களில் பொருந்துவதில்லை. 'இந்த மக்களை இடம்மாற்ற வேண்டும்' என்று எழுதுவது சுலபம். கொஸ்லந்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்மேடு லயங்களை மூடியபோது அபாயம் பற்றிய எச்சரிக்கை ஏற்கனவே இருந்தது. எச்சரிக்கைக்கும், புது வீடு கட்டத் தரும் ஏழு பேர்ச் காணிக்கும் இடையில் இருக்கும் தூரத்தைக் கடக்க ஒருவரும் பொறுப்பாக இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலைகள் சரிந்தபோதும் அதே கேள்விதான் எழுந்தது: போகச் சொன்னால் எங்கே போவது?

ஆகவே பயிற்சியாக இதையே எழுதிப் பாருங்கள். ஒரு லயம், இரண்டு பக்கம். மேலே ஒரு வசனத்தில் பிரச்சினை. அடுத்து மூன்று தகவல்கள்: வெட்டப்பட்ட சரிவின் உயரமும் லயச் சுவரிலிருந்து அதன் தூரமும் மீற்றரில், அபாய வரைபடத்தில் அந்த இடத்தின் வகை, குடும்பங்களின் எண்ணிக்கை. பிறகு மூன்று தெரிவுகள், அதில் ஒன்று 'ஒன்றும் செய்யாதிருத்தல்'. அதற்கும் விலை உண்டு, அதையும் ரூபாயில் எழுத வேண்டும். தெரிவு ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான நிறுவனம், தேவையான அனுமதி, காணியின் சொந்தக்காரர். இடைக்கால நடவடிக்கையை மறக்காதீர்கள். 24 மணித்தியால மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100 ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150 ஐத் தாண்டினால் சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடப்படுகிறது. அந்தச் சிவப்பு எச்சரிக்கை இரவு பதினொரு மணிக்கு வந்தால் தோட்டத்தில் யார் கதவைத் தட்டுவது, பாடசாலைச் சாவி யாரிடம் என்பது வரை எழுதினால் அது கொள்கைக் குறிப்பு. அதற்குக் குறைவாக எழுதினால் அது வெறும் கட்டுரை.

அடுத்து, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை வாசிக்கப் பழகுங்கள். தேசிய சுற்றாடல் சட்டத்துக்கான 1988 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது, எந்தெந்தக் கருத்திட்டங்களுக்கு என்பதை 1993 ஜூன் 24 வர்த்தமானி பட்டியலிட்டது. 1 ஹெக்டயருக்கு மேல் காடழித்தல், 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையம், 99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல் என்று அளவுகள் உண்டு. மலையகத்தில் சிறிய நீர்மின் திட்டங்கள் 50 மெகாவாட்டுக்கு எவ்வளவோ கீழே. ஆனால் அதே பட்டியலின் மூன்றாம் பகுதி உணர்திறன் மிக்க இடங்களைத் தனியாகச் சொல்கிறது. ஒதுக்கப்பட்ட காட்டின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் என்றாலோ, 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள ஆற்றங்கரையிலிருந்து 60 மீற்றருக்குள் என்றாலோ அளவு எதுவாயினும் அனுமதி வேண்டும். முதற் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு 'இதற்கு மதிப்பீடு தேவையில்லை' என்று எழுதுவது புதிதாக வந்தவர்கள் அடிக்கடி விடும் பிழை.

மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 நாட்கள் வைக்கப்படும், மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். வாசிக்கும்போது முதலில் அத்தியாயம் அத்தியாயமாகப் போகாதீர்கள். நேரே தற்போதைய நிலை பற்றிய அத்தியாயத்துக்குப் போய், அளவீடு எந்த மாதங்களில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். பெப்ரவரி வரட்சியில் மட்டும் அளந்த ஓடையை வைத்து ஜூலை வெள்ளத்தைச் சொல்ல முடியாது. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 இறுதியில் நீர் பீறிட்டபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. இப்படியான நேரத்தில் நட்டஈட்டுக்குரிய முதற் கேள்வி, 'முன்பு உங்கள் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நின்றது?' வேலை தொடங்குமுன் கிணறு கிணறாக அளந்து வைத்திருந்தால்தான் அதற்குப் பதில் உண்டு. அந்த அளவீட்டை அனுமதி நிபந்தனையில் சேர்க்க வைப்பதுதான் ஆலோசகரின் வேலை. நிபந்தனைக்குப் பலமில்லை என்று நினைக்க வேண்டாம். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் பகல் வேளையில் தண்ணீர் விடச் செய்தது அப்படியொரு நிபந்தனைதான்.

மொழி விடயத்துக்கு வருவோம். பரீட்சையைத் தமிழில் எழுதலாம், அது உங்கள் உரிமை. நியமனம் கிடைத்தபின் மற்ற அரசகரும மொழியில் குறித்த காலத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும், இல்லாவிட்டால் சம்பள ஏற்றமும் பதவி உயர்வும் தடைப்படும். ஆனால் தடைதாண்டல் பரீட்சையில் சித்தியடையும் அளவுச் சிங்களம் இந்த வேலைக்குப் போதாது. குறிப்புகளும் கூட்டங்களும் பெரும்பாலும் சிங்களத்தில், சர்வதேச ஆவணங்கள் ஆங்கிலத்தில். தமிழில் சிந்தித்து, சிங்களத்தில் வாதாடி, ஆங்கிலத்தில் வரைபு எழுத முடிந்தவருக்கு அமைச்சில் எப்போதும் தேவை இருக்கிறது. எழுத்துச் சிங்களத்தை இப்போதே தொடங்குங்கள், வர்த்தமானியின் தமிழ், சிங்களப் பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பது மிக நல்ல வழி. நிர்வாகச் சொற்கள் தானாகப் படியும்.

படிப்பைப் பொறுத்தவரை, புவியியல் தகவல் முறைமையில் கைப்பழக்கம் இருந்தால் மற்றப் பட்டதாரிகளைவிட ஒரு படி மேலே நிற்பீர்கள். அதற்கான கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருள் இலவசம். இறுதியாண்டு ஆய்வுக்கு 'மலையகத்தில் சுற்றாடல் பிரச்சினைகள்' போன்ற அகன்ற தலைப்பை எடுக்காதீர்கள். ஒரு நீரேந்து பகுதி, ஒரு தோட்டப் பிரிவு, ஒரு கேள்வி போதும். முதுமாணிப் பட்டத்தை உடனே தொடங்க வேண்டிய அவசரம் இல்லை. இரண்டு வருடம் வேலை செய்தபின் பொருளாதாரமா சட்டமா முகாமைத்துவமா உங்களிடம் குறைகிறது என்று தெரியும், அதைப் படியுங்கள்.

விண்ணப்பத்தில் நிகழும் தவறுகள் சின்னவை, ஆனால் வருடத்தைத் தின்றுவிடும். பட்டம் வலுவுக்கு வரும் திகதி, விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பிந்தியதாக இருப்பது. பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் வேறுவேறாக இருப்பது. தோட்டப் பிள்ளைகளுக்கு இது அதிகம், பிரதேச செயலகத்தில் பெயர்த் திருத்தத்துக்கு இன்றே விண்ணப்பியுங்கள், மாதக்கணக்கில் இழுக்கும். வயதெல்லை ஒவ்வொரு அறிவித்தலிலும் மாறலாம், பழைய வினாத்தாள் புத்தகத்தில் அச்சிட்டதை நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமை வர்த்தமானியின் வெற்றிட அறிவித்தல் பகுதியை வாரம் தவறாமல் பாருங்கள்.

இந்தத் தவணை முடியுமுன் துறைத் தலைவரிடம் கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு, உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் சுற்றாடல் அலுவலரைச் சந்தித்து, விடுமுறையில் சம்பளமின்றிக் களப்பயிற்சி கேளுங்கள். இடம் தந்தால் உரிமக் கோப்பு ஒன்றை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை வாசிக்க அனுமதி கேளுங்கள்; தேயிலைத் தொழிற்சாலை, கராஜ், கல்லுடைக்கும் இடம் எதுவானாலும் சரி. நோர்வூட் பக்கத்தில் முன்பு மதிப்பிடப்பட்ட திட்டமொன்றின் அறிக்கை வேண்டுமென்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.