வாசகர் கேள்வி பதில்: தூதருக்குச் சட்டம் எதற்கு?

கேள்வி: சட்டம் படிக்கும் என் மகள் வெளிநாட்டுச் சேவையில் சேர விரும்புகிறாள். தூதராகப் போகிறவருக்குச் சர்வதேசச் சட்டம் எவ்வளவு தூரம் பயன்படும்? நம் நாட்டவர் எவரேனும் அத்துறையில் பெயர் பெற்றிருக்கிறார்களா?
– வாசகர் ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: இரண்டாவது கேள்விக்கு விடை சொன்னால் முதலாவது தானாகவே விளங்கிவிடும். 1973இல் தொடங்கிய ஐ.நா.வின் மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், சிவில் சேவையிலிருந்து தூதரான ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. வாக்கெடுப்பில் வென்றாலும் பெரிய கடற்படைகள் ஏற்காத சட்டம் காகிதத்தோடு நின்றுவிடும் என்பதால், இயன்றவரை எல்லோரும் உடன்பட்ட பின்பே முடிவெடுப்பது என்று மாநாடு தீர்மானித்திருந்தது. ஆனால் உடன்படுவதற்கு முதலில் ஒரு வாசகம் வேண்டுமே! 1975இல் ஜெனீவாவில் குழுத் தலைவர்கள் மூவரையும் ஆளுக்கொரு வரைவு எழுதச் சொல்லிவிட்டு, பிணக்குத் தீர்வுக்கான பகுதியை அவர் தாமே எழுதினார். ஆட்சி மாறிய பின், 1978இல், இலங்கைத் தூதுக்குழுவில் அவர் இல்லை. சொந்த நாட்டின் பிரதிநிதியாக இல்லாதவர் தலைவராகத் தொடரலாமா என்று விவாதித்த மாநாடு, கடைசியில் அவரையே வைத்துக்கொண்டது. எந்தப் பதவியையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். 1980 டிசம்பரில் அவர் காலமானார். சிங்கப்பூரின் டொமி கோ தலைமையேற்று 1982இல் வேலையை முடித்தார்.

கோணேசர் மலையில் நின்று கிழக்கே பாருங்கள். 12 கடல்மைல், அதாவது சுமார் 22 கிலோமீற்றர் வரை நமது ஆட்புலக் கடல். 200 கடல்மைல் வரை மீனும் கடலடி வளமும் நமக்குரியவை. அதற்கு அப்பாலும் ஒரு கதை உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் வங்காள விரிகுடாவின் அடியில் கிலோமீற்றர் கணக்கில் படிந்து கிடப்பதால், கண்டமேடையை, அதாவது கடலுக்கடியில் நீளும் நாட்டின் நிலத்தொடர்ச்சியை, அளக்கும் பொதுவான சூத்திரம் இலங்கைக்கு நட்டமாக இருந்தது. ஆகவே, வண்டல் இறுகி உருவான அடையற்பாறையின் தடிப்பு 1 கிலோமீற்றருக்குக் குறையாத இடங்களை வைத்து எல்லை வகுக்கலாம் என்னும் தனி ஏற்பாடு, மாநாட்டின் இறுதி ஆவணத்தில் இரண்டாம் இணைப்பாகச் சேர்ந்தது. அதை வைத்தே 2009 மே மாதத்தில் இலங்கை தன் கோரிக்கையைச் சமர்ப்பித்தது. புவியியலாளர் சொன்னதை மற்ற நாடுகள் ஒப்பும் சட்ட வாக்கியமாக்கியது தூதர்களின் வேலை; உங்கள் மகளின் படிப்பு பயன்படும் இடமும் அதுவே.

சேவைக்கு ஆட்சேர்ப்பு திறந்த போட்டிப் பரீட்சை மூலம் நடக்கிறது. தகைமைகளை வர்த்தமானியில் பார்த்துக்கொள்ளலாம். அமரசிங்கவின் பெயரில் ஐ.நா. வழங்கும் கடற்சட்டப் புலமைப்பரிசில் ஒன்றும் இருக்கிறது. அதற்கு முன், கடற்சட்ட உடன்படிக்கையில் கண்டமேடை பற்றிய 76ஆம் உறுப்புரையையும் இறுதி ஆவணத்தின் அந்த இரண்டாம் இணைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் மகள் ஒருமுறை வாசிக்கட்டும்.