நம்பிய பிறகுதான் சந்தேகம்

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. நாங்கள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்புகிறாள். எதற்கும் ஆதாரம் கேட்க இப்போதே பழக்கலாமா?

பதில்: வேண்டாம். ‘இது பூனை’ என்று காட்டும்போதே ‘என்ன ஆதாரம்?’ என்று கேட்கிற குழந்தையால் ஒரு சொல்லைக்கூடக் கற்க முடியாது. பெரியவரை நம்பித்தான் குழந்தை கற்கிறது, சந்தேகம் அதற்குப் பிறகே வருகிறது என்று தத்துவவாதி விட்கென்ஸ்டைன் தம் கடைசிக் குறிப்புகளில் எழுதினார். 1920களில் ஆஸ்திரிய கிராமப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தவர் அவர். நாற்காலி என்று ஒன்று உண்டு என யாரும் குழந்தைக்குப் பாடம் நடத்துவதில்லை. அதில் உட்காரத்தான் கற்றுக்கொள்கிறது என்பதும் அவர் சொன்னதுதான்.

சரி, ‘அப்படியே நம்புகிறாள்’ என்கிறீர்களே, அதையும் நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வொஸ்னியாடூ, ப்ரூயர் என்ற இரு ஆய்வாளர்கள் 60 பள்ளிக் குழந்தைகளிடம் பூமியைப் பற்றிக் கேட்டு, 1992இல் முடிவை வெளியிட்டார்கள். பூமி உருண்டை என்று எல்லாரும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் காலுக்குக் கீழே தரை தட்டையாக இருக்கிறதே! அதனால் சில குழந்தைகள் உள்ளே காலியான ஒரு பந்தைக் கற்பனை செய்து, அதற்குள் தட்டைத் தரை போட்டு மனிதர்களை நிறுத்தினார்கள். வேறு சிலருக்கு இரண்டு பூமி: வானத்தில் உருண்டையாக ஒன்று, நாம் வாழும் தட்டையான இன்னொன்று. இதைக் கண்மூடித்தனமான நம்பிக்கை என்று எப்படிச் சொல்வது? தரை தட்டை, எதுவும் தாங்கிப் பிடிக்காத பொருள் கீழே விழும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே அவர்களுக்கு உறுதி. ஆசிரியர் சொன்னதை அந்த உறுதிக்குள் பொருத்திப் பார்க்க அத்தனை பாடுபட்டிருக்கிறார்கள்.

இந்த உறுதிகள் பேச்சு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன என்று எண்ண இடமுண்டு. பயார்ஜன், ஸ்பெல்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் மற்றொருவருடன் சேர்ந்து 1985இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து மாதக் குழந்தைகளின் முன்னால் ஒரு பலகை மேலெழுந்து பின்பக்கம் சாயும். பின்னால் ஒரு பெட்டி இருப்பதை முதலில் காட்டிவிடுவார்கள். பெட்டியில் முட்டி நிற்க வேண்டிய பலகை, அது இல்லாததுபோல முழுவதும் சாய்ந்தபோது குழந்தைகள் அதிக நேரம் பார்த்தார்கள். எதிர்பார்த்தது நடக்காததால் வியந்து பார்த்தார்கள் என்று இதைக் கொள்ளலாம்; ஆனால் அதற்கு என்ன பொருள் என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் இருக்கிறது.

ஆகவே சந்தேகப்படப் பழக்காதீர்கள். ‘சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான்’ என்று உங்கள் வாயாலேயே பொய் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். அப்புறம், பூமியைப் பற்றிய அந்த ஆய்வில் கேட்டதை இன்றிரவு மகளிடம் கேளுங்கள்: “நேராக நடந்துகொண்டே இருந்தால் எங்கே போய்ச் சேருவோம்?” பதிலைத் திருத்தாமல் கடைசிவரை கேளுங்கள்.