கட்டி எந்த இடத்தில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு 43 வயது, இரண்டு பிள்ளைகள். கர்ப்பப்பையில் 6 சென்ரிமீற்றர் பைப்ரொயிட் கட்டி. மாதவிடாய் வந்தால் எட்டு ஒன்பது நாள் கட்டிகட்டியாகப் போகிறது, இரவில் பழைய சேலையை மடித்து விரித்துத்தான் படுக்கிறேன். கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள். வயிற்றைக் கிழிக்காமல் செய்கிற வைத்தியம் இருக்கிறதாமே?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இருக்கிறது சகோதரி. ஆனால் அளவை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, கட்டி எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் சிறிய கட்டி என்றால் யோனி வழியாகவே கமரா விட்டுச் சீவி எடுக்கலாம், வெளியே ஒரு தையலும் இருக்காது. 6 சென்ரிமீற்றருக்கு அது பெரும்பாலும் சரிவராது. சுவருக்குள் இருக்கும் கட்டி என்றால் இரத்தக்குழாயை அடைக்கும் முறை பற்றிக் கேளுங்கள்: தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ சிறு துளையிட்டு, மெல்லிய குழாயைக் கர்ப்பப்பை நாடிவரை கொண்டுபோய், மணல் போன்ற நுண்துகள்களைச் செலுத்துவார்கள். இரத்தம் கிடைக்காமல் கட்டி சில மாதங்களில் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கும், பெரும்பாலானோருக்கு இரத்தப்போக்கும் நன்றாகக் குறையும். முதல் நாள் வலி கடுமையாக இருக்கும், சிலருக்குக் காய்ச்சலும் வரும், சிலருக்குப் பின்னொரு நாள் சத்திரசிகிச்சையே தேவைப்படலாம், இதையெல்லாம் தெரிந்துகொண்டே சம்மதியுங்கள். இன்னொரு பிள்ளைக்கு ஆசை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்போது கட்டியை மட்டும் அகற்றுவதைத்தான் பெரும்பாலும் யோசிப்பார்கள். இரத்தக்குழாயை அடைக்கும் முறையைச் செய்வது மகப்பேற்று நிபுணர் அல்ல, கதிரியக்க நிபுணர்; எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த வசதி இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பெண்ணோயியல் கிளினிக்குக்கு ஸ்கேன் அறிக்கையோடு போய், தேவையென்றால் வேறு இடத்துக்குக் கடிதம் தரச்சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதுவரை சும்மா இருக்காதீர்கள். ஈமோகுளோபின் பாருங்கள், 12க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது, தேசிக்காய்த் தண்ணியோடு குடியுங்கள். போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமில மாத்திரை உங்களுக்கு ஒத்துவருமா என்றும் கேளுங்கள், முன்பு காலில் இரத்தம் உறைந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மணிக்கொரு பாட் நனைந்து, தலைசுற்றும் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.