சேமிப்பை எடுத்துப் பழைய எம்ஜிபி கார் வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் கோயம்புத்தூர்க்காரன். இப்போது இங்கிலாந்தில், ரெடிங்கில் வேலை. மனைவி, இந்தியாவில் பிறந்த 6 வயது மகள். சேமிப்பு 15,000 பவுண்டு இருக்கிறது. 1971 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் (நிலையான கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று 4,500 பவுண்டுக்கு வருகிறது, ஓடாத கார். மாமா ஒர்க்‌ஷாப்பில் அம்பாசடர் எஞ்சின் பிரித்து வளர்ந்தவன், வேலையை நானே செய்துகொள்வேன். பழைய கார் விலை ஏறும், இதுவும் முதலீடுதான் என்கிறார் நண்பர். ஐசாவில் (வரியில்லாத சேமிப்புக் கணக்கு) போடச் சொல்கிறார் மனைவி. அடுத்த வருஷம் மூன்று பேருக்கும் ஐஎல்ஆர் (இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) விண்ணப்பம் வேறு இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, நீங்கள் கடைசியாகப் போகிறபோக்கில் சொன்ன விஷயத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஐஎல்ஆர் கட்டணம் இப்போது ஆளுக்கு 3,000 பவுண்டைத் தாண்டிவிட்டது, குழந்தைக்கும் அதே தொகைதான். ஆக உங்கள் 15,000-ல் 9,000-க்கு மேல் ஏற்கெனவே செலவான பணம். மிச்சம் 6,000-க்கும் குறைவு. திடீரென்று வேலை போனால் வாடகையோடு சேர்த்து அது எத்தனை மாதம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் கை வைத்து இந்தக் காரை வாங்க வேண்டாம். மனைவி சொல்வது சரி, ஆனால் ஒரு வருஷத்தில் தேவைப்படும் பணம் என்பதால் பங்குச் சந்தை ஐசா வேண்டாம், கேஷ் ஐசா போதும்.

ஆசையை விடச் சொல்லவில்லை. என்னிடமும் ஒரு எம்ஜிபி இருக்கிறது, 1972 ரோட்ஸ்டர். 2013-ல் 5,200 பவுண்டுக்கு வாங்கினேன். முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில் செலவை எழுதி வருகிறேன், என் உழைப்பைச் சேர்க்காமலே இதுவரை மொத்தம் 17,400. போன வருஷம் ஒருவர் 11,000-க்குக் கேட்டார். உங்கள் நண்பரின் முதலீட்டுக் கணக்குக்கு என்னிடம் இருக்கும் பதில் இந்த நோட்டுதான்.

பணம் எங்கே போனது தெரியுமா, எஞ்சினில் இல்லை, தகட்டில். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பாகத்தை இங்கே சில் என்பார்கள். ரோட்ஸ்டருக்குக் கூரை இல்லாததால் காரின் மொத்த பலமும் அதில்தான். என் காரில் வெளியே பளபளவென்று பெயிண்ட் இருந்தது. முன்சக்கரத்துக்குப் பின்னால் ஸ்க்ரூடிரைவரை லேசாக அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. இழுத்தபோது பட்டியும் (ஓட்டையை அடைக்கப் பூசும் பசை) துருத்தூளும் நனைந்த செய்தித்தாளும் சேர்ந்து வந்தன. யாரோ பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை வைத்து மூடியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சில், தரைத்தகடு எல்லாம் வெட்டி எடுத்து வெல்டிங் செய்ய 4,100 ஆனது. கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி கொடுத்து நிறுத்தாமல் வெட்டினால் பாடி வளைந்து, அப்புறம் கதவே மூடாது. பழக்கமில்லாதவர் வீட்டு கராஜில் செய்கிற வேலை இல்லை இது. மாமா ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் கற்றீர்கள், டிங்கரிங் கற்றீர்களா?

எஞ்சின் விஷயத்தில் நீங்கள் பயப்படவே வேண்டியதில்லை. எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் நம்ம அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம், மூடியைத் திறந்ததும் உங்கள் கைக்குத் தானாகவே அடையாளம் தெரியும். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் எஸ்யூ கார்பரேட்டர் இதில் இரண்டு, அது மட்டும் புதிதாக இருக்கலாம். ஒரு சின்ன ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்து, காற்று உறிஞ்சும் சத்தம் இரண்டிலும் ஒன்றாகும் வரை திருகாணியைத் திருக வேண்டும். நான் முதல் தடவை முழு ஞாயிற்றுக்கிழமையும் செலவழித்தேன், சத்தம் ஒன்றானதும் எஞ்சின் சட்டென்று அமைதியானது இன்னும் காதில் இருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் கவலையும் இல்லை, 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் தயாரித்த கார், 1988 முதல் முழு பாடி ஷெல்லே புதிதாகச் செய்து விற்றிருக்கிறார்கள். பெட்ரோல் மட்டும் எத்தனால் குறைவான இ5 சூப்பர் போடுங்கள், எத்தனால் அதிகமுள்ள சாதாரண இ10 பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும்.

நண்பர் சொல்வதில் சில விஷயங்கள் உண்மை. 40 வருஷம் தாண்டிய கார் என்பதால் சாலை வரி கிடையாது (ஆனால் வருஷா வருஷம் பூஜ்யத்துக்குப் பதிய வேண்டும்), பெரிய மாற்றம் செய்யாவிட்டால் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனப் பரிசோதனையும் கட்டாயமில்லை, ஈஸ்ட்ஹாம் முருகன் கோயிலுக்கு ஓட்டிப் போனாலும் லண்டனின் 12.50 பவுண்டு யூலெஸ் புகைக் கட்டணம் கட்ட வேண்டாம். எம்ஓடி கட்டாயமில்லை என்றாலும் நான் வருஷம் தவறாமல் செய்கிறேன், பிரேக் விஷயம். லாபத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி இல்லை, அதே சட்டப்படி நஷ்டத்தையும் எங்கேயும் கழிக்க முடியாது. அடிக்கடி வாங்கி விற்றால் வியாபாரம் என்று வருமான வரி வரும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதி வாங்கும் கிளாசிக் பாலிசி எடுங்கள், இல்லாவிட்டால் விபத்து நடந்த பிறகு அவர்கள் சொல்வதுதான் விலை.

என் யோசனை இது. முதலில் கம்பெனி உங்கள் பென்ஷனில் போடும் பங்கை முழுவதும் வாங்குகிறீர்களா என்று பாருங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் தனியாக ஒரு கணக்கு திறந்து, மனைவியிடம் சொல்லியே, மாதம் 250 பவுண்டு கார் என்ற பெயரில் போடுங்கள். ஐஎல்ஆர் முடிந்த பிறகு தொடங்கினாலும் இரண்டு வருஷத்தில் 6,000 சேரும், அந்தப் பணத்தில் தகடு நன்றாக இருக்கும், ஓடுகிற ஒரு காரை வாங்குங்கள். ரோட்ஸ்டரைவிட, கூரை மூடிய ஜிடி மாடல் பொதுவாக மலிவு. அதைவிட முக்கியம், ரோட்ஸ்டரில் இரண்டே இருக்கை, நீங்கள் மூன்று பேர். ஜிடியின் பின்சீட்டு சின்னது, ஆனால் பெல்ட் பொருத்தினால் உங்கள் மகள் உட்கார இடம் உண்டு. மே மாதம் காலை 6 மணிக்கு மார்ல்பரோ பக்கம் போகும் ஏ4 சாலையில், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓவர்டிரைவ் (எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் கூடுதல் கியர்) போட்டு ஓட்டிப் பாருங்கள். என் மகளும் நானும் அப்படிப் போன காலைகளை நான் அந்த நோட்டில் எழுதவில்லை.

இந்த 4,500 காரைச் சும்மா பார்க்கவாவது போவீர்கள், எனக்குத் தெரியும். கையில் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள், சில் மேல் அது ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கதவு இடிக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.