பெற்ற பிள்ளைகளையே தள்ளிவிட்டவர் எப்படிப் பேரரசரானார்?

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்குச் சீன வரலாறு என்றால் உயிர். ஒரு கணினி விளையாட்டில் தொடங்கிய ஆர்வம், இப்போது கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறான். ஹான் வம்சத்தை நிறுவிய லியு பாங்கை மட்டும் அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காது. "தப்பி ஓடும்போது பெற்ற பிள்ளைகளையே வண்டியிலிருந்து தள்ளியவன். அப்பாவைக் கொன்று கொப்பரையில் வேகவைப்பேன் என்று எதிரி மிரட்டியபோது, 'எனக்கும் ஒரு கிண்ணம் கொடு' என்றவன். அவன் பேரரசன் ஆனான். மாவீரன் சியாங் யூ செத்துப்போனான். அப்புறம் நல்லவனாக இருந்து என்ன பயன்?" என்று கேட்கிறான். நான் என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் சரியாகத்தான் படித்திருக்கிறான். "அதெல்லாம் யாரோ கட்டிவிட்ட கதை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த இரண்டு சம்பவங்களையும் எழுதிவைத்தவர் சிமா சியான். லியு பாங்குக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, அதே ஹான் அரசவையில் பணியாற்றிய வரலாற்றாசிரியர். தான் வேலை பார்க்கும் வம்சத்தின் மூலவர் இப்படி நடந்துகொண்டார் என்று எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஆட்சிக்காக லியு பாங்கோடு மோதித் தோற்றுப்போன சியாங் யூவுக்கும், பேரரசர்களுக்கென்று வைத்திருந்த பகுதியிலேயே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். இதை மகனிடம் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும்.

அடுத்து, சியாங் யூ நல்லவரா என்று அவனையே கேளுங்கள். வீரர்தான், மறுக்க முடியாது. ஹானுக்கு முன் சீனாவை ஆண்ட சின் வம்சத்துக்கு எதிரான ஜூலூ போருக்குப் போகும்போது ஆற்றைக் கடந்ததும் படகுகளை மூழ்கடித்து, சமையல் பானைகளை உடைத்து, மூன்று நாள் உணவோடு படையை நடத்திப்போய் வென்றவர். ஆனால் சரணடைந்த சின் படைவீரர்கள் இரண்டு லட்சம் பேரை ஷின்ஆன் அருகே ஒரே இரவில் கொன்று புதைத்தவரும் அவர்தான். தலைநகர் ஷியான்யாங்கில் சரணடைந்திருந்த மன்னர் ஸியிங்கைக் கொன்று, அரண்மனைகளுக்குத் தீ வைத்தவரும் அவர்தான். நல்லவர் தோற்றார், கெட்டவர் ஜெயித்தார் என்று இந்தக் கதையைச் சுருக்க முடியாது.

சரி, லியு பாங் எப்படி ஜெயித்தார்? பெய் என்ற ஊர்ப்பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த சிறிய அதிகாரி அவர். சின் வம்சத்தின் முதல் பேரரசரின் கல்லறை வேலைக்குக் கைதிகளை அழைத்துப்போன வழியில் பலர் தப்பிவிட, மீதிப் பேரையும் "போய்விடுங்கள்" என்று அவிழ்த்துவிட்டுத் தானும் தலைமறைவானார். கி.மு. 209இல் சின் ஆட்சிக்கு எதிராகக் கலகம் வெடித்தபோது, அந்த ஊர்க்காரர்கள் இவரைத் தலைவராக்கினார்கள்.

நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது கி.மு. 206இல் நடந்ததை. சியாங் யூவுக்கு முன்பே லியு பாங் ஷியான்யாங்குக்குள் நுழைந்துவிட்டார். அரண்மனை, பெண்கள், செல்வம் எல்லாவற்றையும் பார்த்ததும் அங்கேயே தங்கிவிட ஆசைப்பட்டார். நாய்க்கறி விற்றுப் பிழைத்த பழைய கூட்டாளி ஃபான் குவாய் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. அப்புறம் ஆலோசகர் ஜாங் லியாங் வந்து, மருந்து கசந்தாலும் நோய்க்கு நல்லது என்று எடுத்துச்சொன்னார். லியு பாங் அரண்மனைக் கதவுகளுக்கு முத்திரை வைத்துவிட்டு, ஊருக்கு வெளியே பாஷாங் முகாமுக்குத் திரும்பினார். மக்களை அழைத்து மூன்றே சட்டங்கள் சொன்னார்: கொலை செய்தால் மரணம், காயப்படுத்தினாலும் திருடினாலும் அதற்கேற்ற தண்டனை. சின் ஆட்சியின் மற்ற கொடுஞ்சட்டங்கள் எல்லாம் ரத்து. பல தலைமுறையாக அந்தச் சட்டங்களுக்கு அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

ஆசையை அடக்கும் குணம் அவருக்கு இயல்பாக இல்லை. சொல்கிறவர் சொன்னால் கேட்பார், அதுதான் இருந்தது. ஹான் சின் என்ற போர்த்திறன் மிக்கவர் முதலில் சியாங் யூவிடம்தான் இருந்தார். அவர் சொன்ன யோசனை எதுவும் அங்கே எடுபடவில்லை. லியு பாங்கிடம் வந்தும் பெரிய பதவி கிடைக்காமல் கிளம்பிப்போனவரை, லியு பாங்கின் நிர்வாகியான சியாவ் ஹே துரத்திப்போய்க் கூட்டிவந்தார். சியாவ் ஹேயின் பேச்சை நம்பி ஹான் சின்னையே தலைமைத் தளபதியாக்கினார் லியு பாங். சியாங் யூவிடம் ஃபான் ஜெங் என்று எழுபது வயது கடந்த மதியூகி ஒருவர் இருந்தார். அவரையும் சந்தேகப்பட்டு ஓரங்கட்ட, அவர் மனம் வெறுத்துக் கிளம்பி, போகிற வழியிலேயே இறந்தார். கி.மு. 202இல் பேரரசரானபின் ஒரு விருந்தில் லியு பாங்கே சொன்னார்: திட்டமிடுவதில் ஜாங் லியாங்குக்கும், நாட்டை நடத்துவதில் சியாவ் ஹேவுக்கும், படை நடத்துவதில் ஹான் சின்னுக்கும் நான் ஈடில்லை, அவர்களைப் பயன்படுத்தத் தெரிந்ததால் ஜெயித்தேன், சியாங் யூவிடம் ஒரே ஒரு ஃபான் ஜெங் இருந்தார், அவரையும் பயன்படுத்தத் தெரியவில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் மகனை ஏமாற்றியதாகிவிடும். அதே ஹான் சின் கி.மு. 196இல் கலகக் குற்றச்சாட்டில் லியு பாங்கின் மனைவி பேரரசி லூவால் கொல்லப்பட்டார். அவரை நம்பவைத்து அரண்மனைக்கு வரவழைத்தது சியாவ் ஹே. இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை. கிண்ணம் கேட்ட கதையும் அப்படித்தான். அந்த அப்பா கடைசியில் உயிரோடு திரும்பினார் என்பது உண்மை, ஆனால் அப்படிச் சொன்ன நேரத்தில் அது லியு பாங்குக்குத் தெரியாது.

"நல்லவனாக இருந்து என்ன பயன்" என்ற கேள்விக்குப் பதிலாக அந்த வண்டியிலேயே இன்னொருவர் இருந்தார். கி.மு. 205இல் பெங்செங்கில் தோற்று ஓடியபோது வண்டியை ஓட்டியவர் சியாஹோ யிங். லியு பாங் மகனையும் மகளையும் தள்ளிவிடத் தள்ளிவிட, ஒவ்வொரு முறையும் பிள்ளைகளைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர் அவர்தான். கோபத்தில் லியு பாங் பத்து முறைக்கு மேல் அவரை வெட்டப்போனார் என்று சிமா சியான் எழுதியிருக்கிறார். இருந்தும் பிள்ளைகளை விடவில்லை. அந்தப் பையன் பின்னாளில் பேரரசர் ஹுய் ஆனபோது, அவரும் அவருடைய தாயும் சியாஹோ யிங்குக்கு அரண்மனைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு கொடுத்தார்கள். அந்த வீட்டுக்கு வைத்த பெயர் 'எனக்கு அருகில்'.

இன்று இரவு சாப்பிடும்போது மகனிடம் இந்த ஆளைப் பற்றிச் சொல்லுங்கள். பின்னால் எதிரிக் குதிரைகள் துரத்திவர, கடிவாளம் உன் கையில் இருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று கேளுங்கள். அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.