சின்னப் பொண்ணுங்க வளர்ற கதையா வர்ற ஜப்பான் அனிமேஷன் படங்களுக்குள்ள என்ன ஒத்துமை?

வில்லன் இல்ல, சண்டை இல்ல, கதை மெதுவா போகும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது சரிதான். ஆனா எனக்குப் பட்ட பெரிய ஒத்துமை சாப்பாடு. அந்தப் பொண்ணு மனசு விட்டுப்போய் உக்காந்திருக்கிற நேரத்துல யாராச்சும் ஒருத்தர் வந்து சாப்பிடக் குடுக்கறாங்க, புத்திமதியெல்லாம் அப்புறம்தான்.

கிகிஸ் டெலிவரி சர்வீஸ் (1989) எடுத்துக்கோங்க. 13 வயசுல வீட்ட விட்டு வந்து தெரியாத ஊர்ல துடைப்பத்துல பறந்து சாமான் கொண்டுபோய்க் குடுக்கற சூனியக்காரப் பொண்ணு கிகி. ஒரு பாட்டி பேத்தி பொறந்தநாளுக்கு ஆசையா சுட்டுக் குடுத்த மீன் பலகாரத்த கொட்டற மழைல நனைஞ்சுக்கினே கொண்டுபோய்க் குடுத்தா, அந்தப் பேத்தி எனக்கு இது பிடிக்கவே பிடிக்காதுன்னு சொல்லி கதவ சாத்திடுது. கிகி காய்ச்சல்ல படுத்துடறா. பேக்கரி அக்கா ஒசோனோ, அவங்களே வாயும் வயிறுமா இருக்கறவங்க, மாடி ஏறி வந்து கஞ்சி குடுத்துட்டுப் போறாங்க.

விஸ்பர் ஆஃப் தி ஹார்ட் (1995), இங்க சொல்ற மத்த மூணு படத்தையும் டைரக்ட் பண்ண ஹயாவோ மியாசாகி எழுதினது, இத டைரக்ட் பண்ணது யோஷிஃபுமி கொண்டோ. அதுல ஷிசுகு பரீட்சைக்குப் படிக்காம ராத்திரியெல்லாம் முழிச்சு ஒரு கதை எழுதறா, மார்க் சரிஞ்சுடுது, எழுதினத பழைய சாமான் கடைத் தாத்தா கிட்ட குடுத்துட்டு அவர் படிச்சு முடிக்கிற வரைக்கும் வெளிய உக்காந்துகினு, நல்லா இல்லன்னு தனக்கே தெரிஞ்சு தேம்பித் தேம்பி அழறா. தாத்தா உள்ள கூட்டிப்போய் சூடா நூடுல்ஸ் குடுக்கறார்.

ஸ்பிரிட்டட் அவேல (2001) 10 வயசு சிஹிரோவுக்கு அப்பா அம்மா பன்னியா மாறிப்போச்சு, பேரும் பறிபோச்சு, அப்பல்லாம் தாங்கிக்கினு இருந்தவ அவளுக்கு உதவற ஹாகுங்கற பையன் குடுத்த சோத்து உருண்டைய ரெண்டு கடி கடிச்சதும்தான் பொலபொலன்னு அழறா.

அந்த சீன் எனக்கு ரொம்ப நெருக்கம். நாங்க குடியாத்தம் பக்கம். எனக்கு 11 வயசு இருக்கும்போது அம்மாவ வேலூர்ல ஆஸ்பத்திரில சேத்திருந்தாங்க, ஒன்றரை மாசம், அப்பா கூடவே இருந்தார், நானும் தம்பியும் ஆயா (பாட்டி) கிட்ட. ஒருநாள் எதிர் வீட்டுக்கு ஃபோன் வந்துச்சு, அம்மா இந்த வாரமும் வர மாட்டாங்கன்னு. தம்பி அழுதான், நான் அவன அடிச்சிட்டு கொல்லைல போய் உக்காந்துட்டேன். ஆயா ஒண்ணும் கேக்கல, கேவுரு களியும் கீரையும் கொண்டாந்து உருட்டி வாயில வெச்சாங்க. அத முழுங்கும்போதுதான் எனக்கு அழுகையே வந்துச்சு.

அதனாலதான் மை நெய்பர் டொடோரோ (1988) பாக்கும்போது ஆடிப்போய்ட்டேன். அதுலயும் அம்மா ஆஸ்பத்திரில, அதுலயும் வீட்டுக்கு வர்றது தள்ளிப்போகுது, அக்காவும் தங்கச்சியும் சண்டை போட்டுக்கறாங்க. மியாசாகிக்கே சின்ன வயசுல அம்மா காசநோயால வருஷக்கணக்கா படுக்கையில இருந்தாங்க. ஆனா இந்தப் படத்துல குழந்தைதான் பெரியவங்களுக்கு சாப்பாடு கொண்டு போறா, இத சாப்பிட்டா அம்மாவுக்கு சரியாயிடும்னு குட்டித் தங்கச்சி மேய் ஒரு மக்காச்சோளத்த கட்டிப் பிடிச்சுக்கினு தனியா ஆஸ்பத்திரிக்கு நடக்குது. நானும் அந்த ஞாயித்துக்கிழமை தூக்கு நிறைய மல்லாட்டை (வேர்க்கடலை) வேகவெச்சு எடுத்துக்கினு ஆயாவோட வேலூர் பஸ் ஏறினேன். அம்மா அதெல்லாம் சாப்பிடக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லியிருந்தாங்க, அம்மா ஒண்ணே ஒண்ண எடுத்து உள்ளங்கைல வெச்சு மூடிக்கினாங்க.

இன்னொரு ஒத்துமையும் இருக்கு, போனது எல்லாமே திரும்பி வராது. கிகிக்கு நடுவுல பறக்கற சக்தியும் போய்டுது, அவளோட கருப்புப் பூனை ஜிஜி பேசறது புரியறதும் நின்னுடுது. பறக்கற சக்தி திரும்ப வந்துடுது, ஆனா ஜிஜி பேசறது அப்புறம் கடைசி வரைக்கும் அவளுக்குப் புரியறதில்ல, அது இல்லாமலே அவ சந்தோஷமா இருக்கா. 1998ல வந்த இங்கிலீஷ் டப்பிங்ல கடைசில பூனை திரும்பப் பேசற மாதிரி சேத்துட்டாங்க. தயவு செஞ்சு ஜப்பான் மொழியிலயே சப்டைட்டில் போட்டுப் பாருங்க, அந்தப் பூனை மியாவ்னு மட்டும் சொல்லிட்டு அவ தோள்ல ஏறி உக்காரும்.